ஒரு மூடிக்கு ஏழு மேஜைகள்

அண்ணி வீட்டில் அந்த மாதம் யாருக்கும் காலை நீட்டிப் படுக்க இடமில்லை. கட்டிலுக்கு அடியில் பாட்டில். அலமாரியில் துணிமணி இருந்த இடத்தில் பாட்டில். குளியலறை ஜன்னலில் சோப்புக்குப் பக்கத்தில் இரண்டு பாட்டில். அத்தனையிலும் அன்னாசி ஜாம். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அண்ணியின் கணவர் சட்டை எடுக்கக் கையை விட்டால் ஜாம் வந்தது, சாவி தேடினால் ஜாம் வந்தது.

உண்மையில் அவள் ஒரே ஒருத்திக்குத்தான் அண்ணி. ஆனால் அந்த ஒருத்தி, அதாவது கணவரின் தங்கை, "அண்ணீ!" என்று கூப்பிட்டால் அடுத்த தெருவில் தூங்குகிற நாய் எழுந்து உட்காரும். கேட்டுக் கேட்டுத் தெருவே அவளை அண்ணி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது. அவளைவிட இருபது வயது பெரியவரான தபால்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

அண்ணியும் நாத்தனாரும் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமைத்துக்கொண்டிருந்தவர்கள். ஒருநாள் நிர்வாகம் கேன்டீனை மூடிவிட்டு அங்கே ஓர் இயந்திரத்தை நிறுத்தியது. காசு போட்டால் பிஸ்கட் விழும். இயந்திரம் லீவு கேட்காது, நாத்தனாரைப் போல வாயாடாது. வேலை போனதும் இருவரும் சேர்ந்து ஜாம் கிளற ஆரம்பித்தார்கள். நாற்சந்தியில் இருக்கும் பெரிய கடையின் மேலாளர் ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார், கண்ணை மூடினார், திறந்தபோது வேறு மனிதராக இருந்தார்.

"வர்ற மாசம் ஒண்ணாம் தேதியிலேர்ந்து நடு அலமாரி உங்களுக்கு. ஆனா பாட்டில் மேல இருக்கிற எல்லாத்துக்கும் சான்றிதழ் வேணும். தேதி தாண்டினா அந்த இடம் பிஸ்கட்டுக்குப் போயிடும்" என்றார்.

ஏற்கெனவே ஒரு தடவை பிஸ்கட்டிடம் பிழைப்பைப் பறிகொடுத்தவள் அண்ணி. இரண்டாவது தடவை தோற்க அவளுக்கு மனமில்லை. ஜாம் சுத்தம் என்று சான்றிதழ் வாங்கினாள். எடை சரி என்று வாங்கினாள். கண்ணாடியில் விரிசல் இல்லை என்றும் வாங்கினாள். பாக்கி இருந்தது மூடி மட்டும்தான். மூடி செய்கிற தொழிற்சாலைக்காரர்கள் ஒவ்வொரு மூடியின் தலையிலும் 'ட்விஸ்ட்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்து, பக்கத்தில் ஒரு வளைந்த அம்பையும் போட்டிருந்தார்கள். விற்பனைப் பொருளின் மேல் வேற்றுமொழி வினைச்சொல் இருந்தால், அதற்கு என்ன அர்த்தம் என்று அரசு முடிவு செய்து சொல்லும் வரை விற்கக் கூடாது என்பது சட்டம். அதை முடிவு செய்வதற்கென்றே ஓர் இடம் இருந்தது. அதன் பெயர் அயல்மொழி வினைச்சொல் பொருள் நிர்ணய வாரியம். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட இரண்டு அடி நீளம்.

உள்ளே நுழைந்ததும் அண்ணி பார்த்தது ஒரு குழாய். அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே வைத்த வாளி நிரம்பி, தாழ்வாரம் நனைந்து, அதில் ஒருவர் செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்து போனார். சமையல்காரியின் கை சும்மா இருக்குமா? மூடப் போனாள்.

"தொடாதீங்க!" என்று ஒரு குரல் அலறியது. வரவேற்பு மேஜைக்காரர். "போர்டைப் படிக்கலையா?"

குழாயின் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது: 'பொருள் நிலுவையில் உள்ளது'.

"குழாயை மூடணும்னா திருகணும். திருகறதுக்கு இங்க இன்னும் அங்கீகாரம் வரல. திறந்தவர் தெரியாத்தனமா திறந்துட்டார். அவர் மேல விசாரணை நடக்குது" என்றார் அவர். "நீங்க என்ன சொல்லுக்கு வந்தீங்க?"

அண்ணி பாட்டிலை நீட்டினாள். மூடியைப் படித்ததும் சூடுபட்டவர் போல அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"ட்விஸ்டா? அய்யோ பாவம்! அதுக்கு ஏழு பொருள் இருக்கும்மா, ஏழு மேஜை. 'சிட்'னு போட்டிருந்தா மத்தியானத்துக்குள்ள வேலை முடிஞ்சிருக்கும்."

"மூடியில 'உட்கார்'னு போட்டிருந்தா எப்படிங்க திறப்பாங்க?"

"அது வாங்கறவங்க கவலை."

"அப்ப அந்த எழுத்தைச் சுரண்டிடட்டுமா?"

"சுரண்டறதுக்குத் தனிப் பிரிவு. மாடியில."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். மேலே வானம் தெரிந்தது.

"மாடி இன்னும் கட்டல" என்றார் அவர்.

பிறகு அவரே மனமிரங்கி விளக்கினார். மூடியைத் திருகித் திறப்பதுதான் அண்ணிக்கு வேண்டிய பொருள். அது மூன்றாவது மேஜை. அந்த மேஜையின் அதிகாரி ஓய்வுபெற்றுப் போய், அவர் பேரன் கல்லூரிக்குப் போய்விட்டான். பதவி காலியாகவே இருக்கிறது. ஆகவே மற்ற ஆறு அதிகாரிகளும் 'இது என் பொருள் இல்லை' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆறும் இல்லை என்றால் மிஞ்சியது அந்த மூன்றாவது மேஜையின் பொருள்தான். அதற்கு இயக்குநர் கையெழுத்துப் போடுவார்.

"இல்லைன்னு எழுதறதுதானே, சட்டுனு முடிஞ்சிடும்ல?" என்றாள் அண்ணி.

"எப்படிம்மா சட்டுனு முடியும்? பொருள் ஊறணும்ல? ஒவ்வொரு மேஜையிலயும் ஒரு பாட்டில், அரக்கு சீல் வெச்சு, மாசக் கடைசி வரைக்கும் இருக்கணும். யாரும் திறக்கக் கூடாது. அனுமதிக்கு முன்னால திறந்தா அது சட்டவிரோதத் திருகல். வேலையே போயிடும். ஆறு மேஜைக்கு ஆறு, காலி மேஜைக்கு ஒண்ணு, இயக்குநருக்கு ஒண்ணு. எட்டு பாட்டில் கொண்டாங்க."

"காலி மேஜைக்கு எதுக்குங்க?"

"ஆள் இல்லன்னா பதவிக்கு மரியாதை இல்லையா?"

மறுநாள் எட்டு பாட்டிலோடு அண்ணி மேஜை மேஜையாகப் போய் நின்றாள். முதல் மேஜை முறுக்குதல். அங்கிருந்த அதிகாரிக்கு மீசைதான் பாதி முகம். பேசும்போதெல்லாம் அதை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"கயிறை முறுக்கலாம். ஈரத்துணியை முறுக்கலாம். மூடியை முறுக்க முடியுமா? முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனா முடியாதுன்னு நான் எழுத்துல கொடுத்து, நாளைக்கே ஒருத்தன் முறுக்கிக் காட்டிட்டான்னா? முப்பது வருஷமா நான் எதையுமே எழுதிக் கொடுத்ததில்லம்மா. அதனாலதான் என் பேர்ல ஒரு தப்பும் கிடையாது" என்றார் பெருமையாக.

இரண்டாவது மேஜை சுளுக்குதல். அந்த அதிகாரி கழுத்தில் பட்டை, மணிக்கட்டில் கட்டு, ஒரு கால் முக்காலியின் மேல் என்று உட்கார்ந்திருந்தார். அடிபட்டதா என்று அண்ணி பரிவாக விசாரித்தாள்.

"அடியெல்லாம் படல. பொருளை உணர்ந்து பணியாற்றணும்னு பயிற்சியில சொன்னாங்க, அதான். சரி, இந்த மூடியைத் திறக்கறதுல எத்தனை பேருக்கு மணிக்கட்டு சுளுக்கும்?"

"யாருக்கும் சுளுக்கினதில்லீங்க."

"ஆராய்ச்சி பண்ணாம எப்படிச் சொல்றீங்க? முதல்ல கொஞ்சம் பேருக்குச் சுளுக்கட்டும். அப்புறம் வாங்க."

மூன்றாவது மேஜையில் ஆள் இல்லாத நாற்காலிக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணி பாட்டிலை வைத்துவிட்டு, பழக்க தோஷத்தில் ஒரு வணக்கமும் வைத்தாள். அந்தக் கட்டடத்தில் அவளிடம் குறுக்குக் கேள்வி கேட்காதது அந்த நாற்காலி ஒன்றுதான்.

நாலாவது மேஜை திரித்தல். அதாவது ஒருவர் சொன்னதை வேறு விதமாக மாற்றுவது.

"நல்ல ஜாம்ங்க, ஒரு குறையும் சொல்ல முடியாது" என்றாள் அண்ணி.

'குறைகளைச் சொல்ல முடியாத நிலையில் மனுதாரர் இருக்கிறார்' என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

"ஐயையோ, நான் அப்படிச் சொல்லலீங்க!"

'மனுதாரர் பதற்றமாகக் காணப்பட்டார்.'

அண்ணி வாயை இறுக மூடிக்கொண்டாள்.

'மனுதாரர் எதையும் மறுக்கவில்லை.'

ஐந்தாவது மேஜைக்காரர் சாலைகளும் ஆறுகளும் வளைந்து நெளிந்து போவதைக் கவனிப்பவர். தன்னிடம் யாரும் நேராக வரக் கூடாது என்று சொல்லி, அண்ணியைத் திருப்பி அனுப்பி, சைக்கிள் கொட்டகை, ஜெனரேட்டர் அறை வழியாகச் சுற்றி வரச் செய்தார். ஆறாவது மேஜை இடுப்பைத் திருகி ஆடும் ட்விஸ்ட் நடனத்துக்கு உரியது. அந்த அம்மாள் பொருளைக் கற்றுக்கொள்ள அரசுச் செலவில் வெளிநாடு போய்வந்ததிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டேதான் பேசினார். ஏழாவது மேஜை, கதைகளில் வருகிற எதிர்பாராத திருப்பம். அங்கேதான் அண்ணிக்கு நம்பிக்கை பிறந்தது. அதிகாரி அவள் கதையைப் பொறுமையாகக் கேட்டார். கேன்டீனை மூடிய இடத்தில் கண் கலங்கினார். "உங்களுக்கு நான் எழுதித் தரேம்மா" என்று பேனாவை எடுத்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், தாளின் மேல் குனிந்தார். பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

"பேனாவுல மை இல்ல" என்றார். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

கடைசியாக இயக்குநருக்கும் ஒரு பாட்டில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அண்ணி பொத்தென்று உட்கார்ந்தாள். கீழே பாட்டில் இருந்தது.

"கல்லுலகூட நார் உரிச்சிடலாம் அண்ணி. அந்த ஆபீஸ்ல ஒரு கையெழுத்தை உரிக்க முடியாதுபோல" என்றாள் நாத்தனார்.

"வேற வேலை பாரேன்" என்றார் கணவர், ஜாம் பாட்டில்களுக்கு நடுவிலிருந்து தன் இன்னொரு செருப்பைத் தேடியபடி.

"ஏங்க, எனக்குத் தெரிஞ்சது அடுப்பு ஒண்ணுதான். அதையும் விட்டுட்டு எங்க போவேன்?" என்றாள் அண்ணி. குரல் உடைந்திருந்தது. கணவர் செருப்பைத் தேடுவதை விட்டுவிட்டு அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மாதம் ஓடியது. அண்ணி வாரத்துக்கு இரண்டு தடவை போய் விசாரித்தாள். போகப் போக அதிகாரிகள் அவளிடம் அன்பாகப் பேசத் தொடங்கியது அவளுக்கே விசித்திரமாக இருந்தது. "இந்த மாதிரி சரக்கு வேற என்னென்ன பண்றீங்க?" என்றார் முதல் மேஜைக்காரர். அவருடைய மீசை வழக்கத்தைவிடப் பளபளத்தது. "காலை உணவுக்கு எதுவும் கொண்டுவர்றதில்ல, வெறும் ரொட்டிதான்" என்றார் சுளுக்கு அதிகாரி, சம்பந்தமே இல்லாமல். கோப்புகளின் மேல் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பொருள் ஊறுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அண்ணி திரும்பிவிட்டாள். வெள்ளை மனசு.

மாதத்தின் கடைசி நாள் முழுக்குழு கூடியது. விடிந்தால் ஒண்ணாம் தேதி. அண்ணி பாதி ராத்திரிக்கே எழுந்துவிட்டாள். நாத்தனாரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனாள், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

நீள மேஜையின் தலைமாட்டில் இயக்குநர் எழுந்து நின்றார்.

"இந்த வாரியம் தொடங்கி இருபத்தாறு வருஷமாச்சு. இந்தக் காலத்துல நாலு சொற்களை எடுத்து ஆராய்ஞ்சிருக்கோம். வா, போ, உட்கார், மூணுக்கும் முழுப் பொருள் கண்டாச்சு. 'வேலை செய்' மட்டும்தான் பாக்கி. அதுக்கு ஒரு உதாரணம் தேடி இந்தக் கட்டடம் முழுக்க அலசிட்டோம், கிடைக்கல" என்றார். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். "அவசரப்பட்டுப் பொருள் சொன்னா என்ன ஆகும்? மக்களுக்குப் புரிஞ்சிடும். புரிஞ்சிட்டா நம்மகிட்ட எதுக்கு வரப்போறாங்க?"

மறுபடியும் தட்டினார்கள். சுளுக்கு அதிகாரி ஒரே கையால் தட்டினார்.

"இப்போ இந்த அம்மாவோட மூடி. ஆறு பேரும் கருத்துச் சொல்லியாச்சு. ஆறு பேருமே கருத்து இல்லன்னு சொல்லியிருக்காங்க. என் கேள்வி ஒண்ணுதான். ஒரு சாதாரண மனுஷன் இந்தச் சொல்லைப் படிச்சுட்டு மூடியை என்ன செய்வான்? கடிப்பானா? சுவத்துல அடிப்பானா? தலையில வெச்சுக்குவானா? யாருக்குத் தெரியும்? ஆதாரம் எங்க? அதனால ரெண்டு வருஷம் கள ஆய்வு. பல தரப்பு ஆட்கள் கையில பாட்டிலைக் கொடுத்து, ஒண்ணும் சொல்லிக் கொடுக்காம, தனித்தனியா இருக்க விட்டு, என்ன பண்றாங்கன்னு பார்க்கணும். அதுக்கு அப்புறம் வாங்கம்மா."

ரெண்டு வருஷம். அண்ணிக்கு நடு அலமாரியில் பிஸ்கட் ஏறி உட்காருவது கண்ணெதிரே தெரிந்தது. இவர்கள் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சரிங்கய்யா. என் பாட்டிலையாவது கொடுத்துடுங்க. வீட்டுல சாப்பிடவாவது ஆகும்" என்றாள்.

தாழ்வாரத்தில் குழாய் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"பாட்டில் எதுக்கும்மா இப்போ? இன்னும் நல்லா ஊறட்டுமே" என்றார் திருப்ப அதிகாரி.

"ஆமாமா, ஆய்வு முடியற வரைக்கும் இருக்கட்டும்" என்றார் முதல் மேஜைக்காரர், மீசையைத் தொடாமல்.

ஆனால் திருப்பிக் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. விதி என்று வந்துவிட்டால் அங்கே யாரும் மீற மாட்டார்கள். உதவியாளர் ஒரு தட்டில் எட்டு பாட்டில்களையும் செய்தித்தாளால் மூடிக் கொண்டுவந்தார். வைத்த வேகத்தில் ஓடிப்போனார். நாத்தனார் தாளை எடுத்தாள்.

ஒன்று காலி. இரண்டு காலி. நாலாவது மேஜை பாட்டிலில் பேனாக்கள் இருந்தன. ஐந்தாவதின் அடியில் விரல் வளைந்து நெளிந்து துழாவிய தடம். ஆறாவது கழுவித் துடைத்துப் புதிதாக இருந்தது. ஏழாவதுக்குள் ஒரு ஸ்பூன் நின்றது. ஆள் இல்லாத மூன்றாவது மேஜையின் பாட்டில்தான் எல்லாவற்றையும்விடச் சுத்தமாகக் காலியாகியிருந்தது.

"என் மேஜையில ஆவியாகிப் போயிருக்கும். வெயில் நேரா அடிக்கும்" என்றார் முதல் மேஜைக்காரர்.

"என்னால திறக்கவே முடியாது, கையைப் பாருங்க" என்று சுளுக்கு அதிகாரி மணிக்கட்டை உயர்த்திக் காட்டினார். வெள்ளைக் கட்டில் மஞ்சளாக ஒரு தீற்றல் இருந்தது. அதில் ஓர் எறும்பும் இருந்தது.

"தேன் எடுத்தவன் புறங்கையை நக்காம இருப்பானா?" என்றாள் நாத்தனார். அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்ததே பெரிய விஷயம்.

இயக்குநரின் முகம் சிவந்தது. "வெட்கக்கேடு! சீல் வெச்ச அரசாங்கச் சாம்பிள்! யார் திறந்தாங்கன்னு எனக்கு இப்பவே தெரியணும். திறந்தவங்க இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்!"

அண்ணி முதலில் கொதித்தாள். எட்டு பாட்டில், அடுப்படியில் நின்று கிளறிய எட்டு பாட்டில்! பிறகு என்ன தோன்றியதோ, அவள் முகம் மெல்லத் தெளிந்தது. தட்டின் ஓரத்தில் இருந்த எட்டாவது பாட்டிலை எடுத்து இயக்குநருக்கு முன்னால் வைத்தாள். அதுவும் காலி.

"ஐயா, இது உங்க மேஜையில இருந்ததுங்க. நான் யாரையும் தப்பா சொல்லல. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். இதை யாரும் கடிக்கல. சுவத்துல அடிக்கல. பாருங்க, ஒரு மூடிகூட நசுங்கல. அப்ப எப்படிங்கய்யா திறந்தாங்க?"

இயக்குநர் பாட்டிலைப் பார்த்தார். அதிகாரிகள் இயக்குநரைப் பார்த்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், அதற்கு முதலில் சோறு வேண்டும். இயக்குநர் இருமினார், தண்ணீர் குடித்தார், கோட்டைச் சரிசெய்துகொண்டார். எழுந்தபோது அவர் குரல் ஒரு கல்வெட்டின் கம்பீரத்தோடு இருந்தது.

"நண்பர்களே! கள ஆய்வு முடிஞ்சுபோச்சு. தங்களோட உத்தியோகத்தையும் பொருட்படுத்தாம நம்ம அதிகாரிகள், ஏன், நானும்தான், அதைச் செஞ்சு முடிச்சிருக்கோம். பல தரப்பு ஆட்கள். ஒருத்தருக்கும் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கல. ஒருத்தரை ஒருத்தர் கலந்து பேசல. தனித்தனியா, கதவைச் சாத்திக்கிட்டு, அந்தச் சொல்லைப் படிச்சோம். எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செஞ்சோம்! இந்த வாரியத்தோட சரித்திரத்துல இதுதான் முதல் ஒருமனதான முடிவு!"

கைதட்டல் அடங்க நேரமானது. சுளுக்கு அதிகாரி இந்தத் தடவை இரண்டு கையாலும் தட்டினார்.

சான்றிதழ் தட்டச்சாகி வந்தது. இயக்குநர் பேனாவை எடுத்தார். மை இல்லை. புது மைப்புட்டி வந்தது. அதன் மூடி இறுகிக் கிடந்தது.

"அம்மா, நீங்க பழக்கப்பட்டவங்க. கொஞ்சம் திறந்து கொடுங்க" என்றார்.

அண்ணி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அனுமதிக்கு முன்னால திறந்தா சட்டவிரோதத் திருகல்னு சொன்னாங்களேய்யா. என் மேல விசாரணை வந்துட்டா?"

ஒரே நேரத்தில் ஆறு கைகள் மைப்புட்டியை நோக்கி நீண்டன. முதலில் போய்ச் சேர்ந்தது கட்டுப் போட்ட கை. ஒரே திருகு. மூடி கழன்றது. இயக்குநர் கையெழுத்துப் போட்டார். போகிற போக்கில் நாத்தனார் குழாயை மூடிவிட்டுப் போனாள். தாழ்வாரத்தில் யாருக்கும் அந்த அமைதி பிடிபடாமல், எல்லோரும் அறைகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் நடு அலமாரியில் ஜாம் ஏறியது. பிஸ்கட் கீழ்த்தட்டிலிருந்து அண்ணாந்து பார்த்தது. அண்ணி அதன் முன்னால் கொஞ்ச நேரம் தேவையில்லாமல் நின்றாள். வாங்க வந்தவர்களுக்கு வழியை மறைக்கிறோம் என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். அன்று இரவு அவள் கணவர் ஒரு மாதத்துக்குப் பிறகு காலை நீட்டிப் படுத்தார்.

வாரக் கடைசியில் காலிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு இருவரும் வீடு திரும்பும்போது நாத்தனார் சொன்னாள்: "அண்ணி, மேலாளர் பழச்சாறும் கேட்கறார். போடலாமா?"

"போடலாமே. ஆனா அந்தப் பாட்டில் மூடியில வேற எழுதியிருக்கும். குடிக்கறதுக்கு முன்னால குலுக்கணும்ல, 'ஷேக்'னு போட்டிருப்பான்."

நாத்தனார் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "மறுபடியும் அங்கயா? அதுக்கு எத்தனை பொருளோ, எத்தனை மேஜையோ!"

"எத்தனையா இருந்தா என்ன?" என்றாள் அண்ணி, பெட்டியை இடுப்பு மாற்றிக்கொண்டு. "இந்தத் தடவை ஒவ்வொரு பாட்டிலோடவும் ஒரு டம்ளரையும் சேர்த்து வெச்சுடு."